லினக்ஸ் செய்தி நேரம்: கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கணினிப் பயனர் குழு மாதம் ஒருமுறை கூடுகிறது. முதல் அரைமணி நேரம் செய்திக்கு. லினக்ஸ் உலகத்தில் அந்த மாதம் என்ன நடந்தது என்று படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. செய்தி மாதாமாதம் மாறுகிறது, கேள்விகள்தான் மாறுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

புதிய கர்னல் வந்துவிட்டதாமே, உடனே போட வேண்டுமா?

வேண்டாம். கர்னல், அதாவது வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும் லினக்ஸின் உட்கரு, 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கும். முதல் இரண்டு வாரம் புதிய நிரல்களை உள்ளே எடுப்பார்கள். அப்புறம் ஏழெட்டு வாரம் பிழை திருத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடுவார், உடனே அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

அப்படி வெளிவருவது உங்கள் கணினிக்கு நேராக வருவதில்லை. நீங்கள் வைத்திருக்கும் டிஸ்ட்ரோ, அதாவது கர்னலோடு மற்ற மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பான டெபியனோ உபுண்டுவோ ஃபெடோராவோ, ஏதாவது ஒரு கர்னலைத் தேர்ந்தெடுத்து, தன் திருத்தங்களைச் சேர்த்து, சோதித்து, வழக்கமான அப்டேட் வழியாக அனுப்பும். டெபியன் 13 தன் ஆயுள் முழுக்க 6.12 கர்னலோடுதான் இருக்கும், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். புத்தம்புது லேப்டாப் வாங்கி அதில் வைஃபை வேலை செய்யவில்லை என்றால் மட்டும் புதிய கர்னலைத் தேடிப் போவதில் அர்த்தம் உண்டு.

எண்ணைப் பார்த்தும் மிரள வேண்டாம். 4.20-க்கு அடுத்து 5.0 வந்தது, 5.19-க்கு அடுத்து 6.0 வந்தது. இரண்டிலும் தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் எண் பெரிதானால் டோர்வால்ட்ஸ் முன்னால் இருப்பதைக் கூட்டிவிடுவார். எண்ணுவதற்குக் கைவிரல் கால்விரல் போதவில்லை என்று அவரே கேலியாகச் சொல்வதுண்டு.

அப்படியென்றால் நான் கவனிக்க வேண்டிய செய்திதான் எது?

தேதி. என் அனுபவத்தில் வீட்டுக் கணினி வைத்திருப்பவருக்குப் பாதிச் செய்தி இந்த ஒன்றில் அடங்கிவிடும்: நான் வைத்திருக்கும் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த நாள் வரை வரும்? இதற்குப் பதில் தெரியாமல் புதிய ஐகான், புதிய வால்பேப்பர் பற்றி விவாதிப்பது வீண்.

கணக்கு டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேறுபடும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆயுள். டெபியன் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் இரண்டு ஆண்டு எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு, குழுவின் கவனிப்பு. டெபியன் 12 வந்தது 2023 ஜூன். ஆகவே 2026 ஜூன் வரை முழு ஆதரவு, 2028 ஜூன் வரை எல்டிஎஸ். டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது.

உபுண்டுவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அதில் இரண்டு ரகம். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், ஐந்தாண்டு தாங்கும். இடையில் வருகிறவற்றுக்கு 9 மாதம்தான். பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கும். பெரிய எண் இருப்பதுதான் நல்லது என்று 9 மாத ரகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, மறுவருடம் அப்டேட்டே வரவில்லை என்று கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. லினக்ஸ் மின்ட் இந்தக் குழப்பத்தை வைக்கவில்லை. அதன் முக்கியப் பதிப்பு எப்போதும் உபுண்டு எல்டிஎஸ் மேல்தான் கட்டப்படுகிறது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு.

உபுண்டு 24.04 என்பது என்ன கணக்கு?

ஆண்டும் மாதமும். 2024 ஏப்ரல். அவ்வளவுதான். ஏப்ரல், அக்டோபர் தவிர வேறு மாதத்தில் வந்தது 6.06 மட்டும். ஆறு வாரம் தள்ளிப்போய் 2006 ஜூனில் வந்ததால் எண்ணும் அப்படியே அமைந்துவிட்டது.

புதிய எல்டிஎஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது, என் உபுண்டு ஒன்றுமே சொல்லவில்லையே?

பழுதில்லை, வேண்டுமென்றேதான் சும்மா இருக்கிறது. ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு மாறச் சொல்லும் அறிவிப்பு, புதியதன் முதல் திருத்தப் பதிப்பு, அதாவது எண்ணின் கடைசியில் .1 சேர்ந்த பதிப்பு, வந்த பிறகே காட்டப்படும். அவசரக்காரர்கள் முதலில் போய் அடிபட்டுக்கொள்ளட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மென்பொருளில் ஓட்டை, 3.2-க்கு மாறுங்கள் என்று செய்தி வந்தது. என் டெபியனில் இன்னும் 3.0. நான் ஆபத்தில் இருக்கிறேனா?

அநேகமாக இல்லை. இந்த இடத்தில் பலரும் தேவையில்லாமல் பதறுகிறார்கள். நிலையான டிஸ்ட்ரோக்கள் மென்பொருளின் புதிய பதிப்பை எடுத்துவருவதில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் நாலு வரித் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்புக்குள் ஒட்டுவார்கள். பெயர் பேக்போர்ட். வெளியே 3.0 என்றே இருக்கும், உள்ளே ஓட்டை அடைபட்டிருக்கும். பேக்கேஜின் முழு எண்ணைப் பார்த்தால் 3.0-க்குப் பின்னால் டெபியன் சேர்த்த ஒரு வால் தெரியும், திருத்தம் வரும்போது நீள்வதும் மாறுவதும் அந்த வால்தான். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்ணான சிவிஇ எண்ணை டிஸ்ட்ரோவின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடுங்கள். உங்கள் பதிப்புக்கு நேரே சரிசெய்யப்பட்டதா இல்லையா என்று போட்டிருக்கும்.

எக்ஸ்இசட் விவகாரம் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

2024 மார்ச் 29 அன்று வெளியானது. செய்தி நேரத்தில் நான் சொன்னவற்றிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்துவந்தவர் ஒரே ஆள், சம்பளமில்லா வேலை. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 வாக்கில் வந்து நல்ல பிள்ளையாக உதவத் தொடங்கினார். வேறு சில கணக்குகள் பராமரிப்பாளரை வேகம் போதாது, இன்னொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. நாளடைவில் வெளியிடும் உரிமை ஜியா டான் கைக்கு வந்தது. 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக, சரியான சாவி வைத்திருப்பவர் எதை வேண்டுமானாலும் இயக்கலாம்.

கள்ள நிரல் சோதனைக் கோப்பு என்ற போர்வையில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டவிழ்க்கும் வரி, எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை, பொட்டலமாகக் கட்டி வெளியிட்ட கோப்பில் மட்டும் இருந்தது. படித்துப் பார்த்தவர்கள் கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் நிரலாளர். அவர் கள்ளக்கதவைத் தேடவே இல்லை. வேறொரு வேக அளவீட்டுக்காகக் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போது எஸ்எஸ்எச் அளவுக்கு மீறி ப்ராசஸரைத் தின்பது தெரிந்தது. அளந்து பார்த்தால், 0.3 வினாடியில் முடிய வேண்டிய உள்நுழைவு 0.8 வினாடி எடுக்கிறது. அந்த அரை வினாடி ஏன் என்று நூல் பிடித்துப் போனவருக்கு மொத்தமும் அகப்பட்டது. நானாக இருந்தால் அரை வினாடியைக் கவனித்தே இருக்க மாட்டேன்.

பாதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வெளிவராத பதிப்பு, ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் போன்றவற்றோடு நின்றது. நிலையான டெபியனுக்கோ உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கோ அந்தப் பதிப்பு போய்ச் சேரவில்லை. உபுண்டு 24.04-இன் முன்னோட்டப் பதிப்பான பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. சர்வரில் சோதனைக் கிளையை ஏற்றிவைத்து "எனக்கு எல்லாம் லேட்டஸ்டாக வேண்டும்" என்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தும் இப்படி நடந்ததே, அப்புறம் என்ன பாதுகாப்பு?

நியாயமான கேள்வி. திறந்திருப்பதால் யாரோ படித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஆனால் ஃப்ராயிண்ட் மாதிரி ஒரு வெளியாள், யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே இறங்கித் தோண்ட முடிந்தது பாருங்கள், அது மூடிய மென்பொருளில் நடந்திருக்காது.

லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பு தரவிறக்கியதும் சரிபார்க்கச் சொல்கிறீர்கள். அவ்வளவு அவசியமா?

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், மின்ட் 17.3 சினமன் பதிப்பின் சுட்டியைக் கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்கள் அதைத்தான் நிறுவினார்கள். தளத்தில் போட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுவது, பாதியில் அறுந்த தரவிறக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் தளத்தையே பிடித்தவன் அந்த எண்ணையும் மாற்றியிருப்பான் இல்லையா? அதனால் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். முதல் தடவை பத்து நிமிடம் குழம்புவீர்கள். கூட்டத்தில் கேளுங்கள், சேர்ந்து செய்வோம்.

ரெட் ஹேட் மூல நிரலை மூடிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

முழுக்க உண்மை இல்லை, முழுக்கப் பொய்யும் இல்லை. ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் எண்டர்பிரைஸ் லினக்ஸின் இலவச நகலாக சென்ட்ஓஎஸ் இருந்தது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆயுள் என்று நம்பிப் பலர் சர்வர்களை ஏற்றினார்கள். 2020 டிசம்பரில், 2021 இறுதியோடு அது முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் பிறந்தன. அடுத்து 2023 ஜூனில், அந்த எண்டர்பிரைஸ் பதிப்பின் நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தருவது என்று ரெட் ஹேட் முடிவெடுத்தது. லினக்ஸ் கர்னல் வெளியிடப்படும் ஜிபிஎல் உரிமத்தின்படி, மென்பொருளைப் பெற்றவருக்கு நிரலையும் தந்தால் போதும், ஊருக்கெல்லாம் தர வேண்டியதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நிரலைத் திரும்பப் பகிர்ந்தால் வாடிக்கையாளர் ஒப்பந்தமே போகலாம் என்ற நிலை எனக்கு ஒப்பவில்லை. வீட்டு டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

வேலாண்ட், எக்ஸ் என்று ஏதோ சண்டை நடக்கிறதே?

திரையில் ஜன்னல்களை வரையும் அமைப்பைப் பற்றியது. எக்ஸ் 1984-இல் பிறந்தது, அதன் இன்றைய வடிவமான எக்ஸ்11 1987-இல். அதில் ஒரு ஜன்னலில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லை இன்னொரு ஜன்னல் ஒட்டுக்கேட்கலாம். வடிவமைப்பே அப்படி. 2008-இல் தொடங்கிய வேலாண்ட் இதை அடைக்கிறது. கேடிஈ என்ற டெஸ்க்டாப்பின் பிளாஸ்மா 6 வந்த 2024 பிப்ரவரியிலிருந்து அதில் வேலாண்ட்தான் இயல்பு. உபுண்டு 25.10-இல் கினோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டார்கள். பழைய மென்பொருள்கள் எக்ஸ்வேலாண்ட் என்ற இடைப்பாலம் வழியே ஓடும், பெரும்பாலோருக்கு மாற்றமே தெரியாது. தெரியப்போவது திரைப்பகிர்வு, தொலைவிலிருந்து இயக்குதல், விசை அழுத்தங்களைத் தானாக அனுப்பும் கருவிகள் இவற்றில்தான். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் மாறுமுன், நிறுவாமலே ஓட்டும் லைவ் பென் டிரைவில் சோதித்துப் பாருங்கள். அவர்கள் விஷயத்தில் இந்த மாற்றம் அவசரப்பட்டு நடக்கிறது என்பது என் எண்ணம்.

புதிய முறையில் தமிழ்த் தட்டச்சு என்ன ஆகும்?

வேலை செய்யும். கினோமில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். கேடிஈயில் அதே வேலையைச் செய்யும் எஃப்சிடிஎக்ஸ்5 போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலாண்டில் அதை "விர்ச்சுவல் கீபோர்டு" என்ற அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். விசைப்பலகைப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தால் அகப்படாது.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது. என் கணினியில் 11 ஏறாது. லினக்ஸ் போடலாமா?

விண்டோஸ் 10-இன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய ப்ராசஸரும் வேண்டும், நல்ல நிலையில் உள்ள எத்தனையோ கணினிகள் இதில் கழிக்கப்படுகின்றன. போடலாம். ஆனால் முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, இவ்வளவையும் பாருங்கள். ஃபோட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால் மாறாதீர்கள், நானே சொல்கிறேன். ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வைத்தவை பலவும் ஓடாது.

2026 ஜூனில் செக்யூர் பூட் காலாவதியாம். அதன்பின் லினக்ஸ் பூட் ஆகாதா?

ஆகும். செக்யூர் பூட் என்பது நம்பகமான கையெழுத்து உள்ள ஏற்றியை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு. லினக்ஸின் முதல்கட்ட ஏற்றியான ஷிம்மில் கையெழுத்திடப் பயன்பட்ட மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழுக்கு 2026 ஜூன் வரைதான் காலம். பொதுவாக ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள், பூட் ஆகும்போது அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே கையெழுத்தானது ஓடிக்கொண்டிருக்கும். புதிய ஏற்றிகள் 2023 சான்றிதழோடு வருகின்றன. அதனால் மதர்போர்டு அல்லது லேப்டாப் நிறுவனம் தரும் ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் பழைய 32 பிட் லேப்டாப்பை என்ன செய்வது?

முதலில் அது உண்மையிலேயே 32 பிட்தானா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் ஓடியது என்பதற்காக ப்ராசஸரும் அப்படி என்று ஆகாது. கோர் 2 டுயோ 64 பிட். அதற்கு முந்தைய கோர் டுயோவோ 32 பிட். ஓர் எண்ணில் ஏமாந்து நல்ல கணினியைப் பரணில் போட்டவர்கள் உண்டு.

நிஜமாகவே 32 பிட் என்றால் வழி குறுகிவிட்டது. ஃபெடோரா 2019-இலேயே விட்டுவிட்டது. டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான நிறுவியும் கர்னலும் கிடையாது. என்னிடம் ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக் ஒன்று, 1 ஜிபி ரேமோடு இருக்கிறது. டெபியன் 12 போட்டிருக்கிறேன். எழுதலாம், பாட்டு கேட்கலாம். பிரவுசரில் மூன்றாவது டேப் திறந்தால் விசிறி சத்தம் போடும், சுட்டி அப்படியே நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. இணையத்துக்கு இனி அதை நம்ப முடியாது. லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களான ஓப்பன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இன்னும் 32 பிட்டைத் தாங்குகின்றன, பொழுதுபோக்காகச் செய்ய ஆசை இருந்தால்.

சொல்லப்போனால் லினக்ஸ் பிறந்ததே 386 ப்ராசஸரில்தான். அந்த 386-ஐயே 3.8 கர்னலில் வழியனுப்பிவிட்டார்கள்.

பிஎஸ்டி செய்தியெல்லாம் எதற்கு, யாரும் பயன்படுத்துவதில்லையே?

பயன்படுத்துகிறீர்கள், தெரியாமல். எஸ்எஸ்எச்சுக்கு நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் எழுதியது. நெட்ஃபிளிக்ஸ் வீடியோக்களை அனுப்பும் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டி.

பதிப்பு மாற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பேக்கப், மறுபடியும் பேக்கப். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் நகல் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது சிஸ்டத்தைக் காப்பாற்றும். உங்கள் புகைப்படங்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை நீங்களாகச் சொன்னால் ஒழிய எடுக்காது. டெபியனில் 11-லிருந்து 13-க்கு ஒரே தாவலாகத் தாவக் கூடாது, 12-இல் இறங்கித்தான் போக வேண்டும்.

அப்புறம், சார்ஜர். சிரிக்காதீர்கள். ஒருமுறை மேம்படுத்தலை ஆரம்பித்துவிட்டு எழுந்து போனேன். பிளக் சரியாக உட்காரவில்லை. திரும்பி வந்தால் திரை கறுப்பு, பேட்டரி காலி, பாதிப் பேக்கேஜ்கள் பிரிக்கப்பட்டு அமைக்கப்படாமல் கிடக்கின்றன. பென் டிரைவில் பூட் செய்து, உள்ளே நுழைந்து, விட்ட இடத்திலிருந்து அமைக்கும் கட்டளையைக் கொடுத்து மீட்க இரண்டு மணி நேரம் ஆனது.

கூட்டத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

சிஸ்டம் செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் "அபவுட்" பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வாருங்கள். டிஸ்ட்ரோ, பதிப்பு, ரேம், ப்ராசஸர் எல்லாம் அதில் இருக்கும், பாதிக் கேள்விக்கு அதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். பிழை என்றால் திரையில் வந்த வாசகத்தையும் படம் எடுங்கள், "ஏதோ எரர் வந்தது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. அதில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும், அதனால் காலியாகக் கொண்டுவாருங்கள். சார்ஜரும்.